சத்தம் இருக்கிறது, சொல் விளங்கவில்லை
வாசகர் கேள்வி–பதில்: மேடை ஒலியமைப்பு

தைப்பூசக் காவடி, சித்ரா பருவக் காவடி, ஈஸ்டர் விடுமுறையில் மாரியம்மன் திருவிழா, அரங்கேற்றம், ஆண்டு விழா என்று மேடைக்கும் மைக்குக்கும் ஓய்வே இல்லாத வாழ்க்கை தென்னாப்பிரிக்கத் தமிழர்களாகிய நம்முடையது. ஒலியமைப்பைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: எங்கள் கோயில் மண்டபம் 20 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் கொண்டது. செங்கல் சுவர், ஓடு பதித்த தரை, தகரக் கூரை. சொற்பொழிவின்போது சத்தம் நிறைய வருகிறது. ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று பின்வரிசைப் பாட்டிமார்கள் குறைப்படுகிறார்கள். பெரிய ஸ்பீக்கர்கள் வாங்கி வைத்தோம். நிலைமை இன்னும் மோசமாயிற்று. என்ன செய்யலாம் ஐயா?
– கோயில் செயலாளர், சாட்ஸ்வர்த்

பதில்: பெரிய ஸ்பீக்கர் வாங்கியதால்தான் மோசமாயிற்று என்று நான் எழுதினால் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் உங்களுக்குச் சங்கடம் வரும், ஆனால் உண்மை அதுதான். உங்கள் மண்டபத்தில் குறைவாக இருப்பது ஒலியின் அளவு அன்று, ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் பொருள்கள். 1890களின் நடுவில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக்கூடம் ஒன்றில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. அதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் சுமந்து வந்து கூடத்தில் அடுக்கி, ஒலி ஓய்வதற்கு ஆகும் நேரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அந்த அளவீட்டிலிருந்து பிறந்த வாய்பாட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒரு சத்தம் முற்றிலும் அடங்குவதற்கு எத்தனை நொடி ஆகும் என்பது தெரியும்.

உங்கள் மண்டபத்தின் கன அளவு 1,200 கன மீட்டர். செங்கல்லும் ஓடும் தகரமும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்புபவை என்பதால், வெறும் மண்டபத்தின் உறிஞ்சும் பரப்பை 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விடை 3.2 நொடி. மனிதர்களின் உடலும் உடையும் ஒலியை நன்றாக உறிஞ்சும். ஒருவருக்கு ஏறக்குறைய 0.45 சதுர மீட்டர் என்று கொண்டால், திருவிழா நாளில் 300 பேர் அமர்ந்திருக்கும்போது அது 1 நொடிக்கு இறங்கிவிடுகிறது. 60 பேர் மட்டுமே வரும் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில் 2.2 நொடியாக இருக்கிறது. பேச்சு தெளிவாக விளங்க 1 நொடி அல்லது அதற்கும் குறைவாக இருப்பது நல்லது. நாம் பேசும்போது நொடிக்கு ஏறக்குறைய ஐந்து அசைகள் வெளிவருகின்றன, 2.2 நொடி ஓயாத மண்டபத்தில் ஒவ்வோர் அசையும் முன்னால் போன பத்து அசைகளின் மிச்சத்தோடு மோதிக்கொண்டுதான் பாட்டியின் காதுக்குப் போய்ச் சேர்கிறது. நெட்டுயிர்கள் உரத்து ஒலிப்பதால் பிழைத்துக்கொள்கின்றன. சொல்லைச் சொல்லாக்குகிற மெய்யெழுத்துகள் மெலிந்தவை, குறுகியவை, ஆகவே அவைதாம் முதலில் மூழ்குகின்றன. கூட்டம் நிறைந்த நாளில் யாரும் குறை சொல்வதில்லை, ஆள் குறைந்த நாளில்தான் புகார் வருகிறது என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

பெரிய ஸ்பீக்கர் ஏன் உதவவில்லை என்பது இப்போது எளிதில் விளங்கும். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி தூரம் செல்லச் செல்லக் குறைகிறது. சுவரிலும் கூரையிலும் பட்டுச் சுழலும் ஒலியோ மண்டபம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. உங்கள் மண்டபத்தில் சாதாரண ஸ்பீக்கரிலிருந்து 3 அல்லது 4 மீட்டர் தாண்டிவிட்டால் நேர் ஒலியை எதிரொலி விஞ்சிவிடும். ஒலியளவைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன, விகிதம் மாறுவதில்லை. ஆகவே ஸ்பீக்கரை மக்களுக்கு அருகில் கொண்டுபோவதுதான் வழி. மேடையின் இரு பக்கமும் குறுகிய, உயரமான தூண் வகை ஸ்பீக்கர்கள் இரண்டு, மண்டபத்தின் நடுவில் பக்கச் சுவர்களில் சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டு என நான்கையும் தாழ்ந்த ஒலியளவில் ஓட விடுங்கள். எல்லாவற்றின் முகமும் அமர்ந்திருப்பவர்களின் தலைகளை நோக்கிக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். எதிர்ச்சுவரையோ கூரையையோ பார்க்கக் கூடாது. நடு ஸ்பீக்கர்கள் மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருப்பதால், மேடை ஒலி அங்கே வந்து சேர 29 மில்லிநொடி ஆகும். அவற்றுக்குப் போகும் ஒலியை, மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரில் 40 மில்லிநொடி தாமதப்படுத்தினால், பின்வரிசையில் இருப்பவருக்குப் பேச்சாளரின் திசையிலிருந்தே குரல் வருவதாகத் தோன்றும். தெளிவு மட்டும் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து கிடைக்கும். பேச்சு மைக்கில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். பேச்சுக்கு அது பயன்படுவதில்லை, மண்டபத்தைத்தான் உறுமச் செய்கிறது. மின்விசிறிகளின் இரைச்சலையும் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

பணம் மிஞ்சினால் பின்சுவரில் 50 மில்லிமீட்டர் கனமுள்ள பாறைக்கம்பளிப் பலகைகளைத் துணி போர்த்தி, சுவரிலிருந்து சிறிது இடைவெளி விட்டு மாட்டலாம். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரைகளும் உதவும். இரண்டும் தீப்பற்றாத வகையாக இருக்க வேண்டும், ஏனென்றால் கற்பூரம் ஏற்றும் இடம் இது. முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டலாமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். அவை பேச்சைத் தெளிவாக்கப் போவதில்லை; தீயைத்தான் வேகமாகப் பரப்பும்.

கேள்வி: என் மாணவியின் அரங்கேற்றத்துக்குச் சென்னையிலிருந்து ஐந்து இசைக் கலைஞர்கள் வருகிறார்கள்: நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல். ஒலிபெருக்கி வாடகைக்குத் தருபவர் ராக் இசைக்குழுக்களுக்கே பழகியவர். நம் இசை அவருக்குப் புதிது. நான் அவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?
– நடன ஆசிரியை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அம்மா, நல்ல வேளையாக முன்கூட்டியே கேட்டீர்கள். அவருக்கு நீங்கள் தர வேண்டியவை இரண்டு தாள்கள். ஒன்றில் மேடையின் படம்: யார் எங்கே அமர்வார், எந்தப் பக்கம் திரும்பியிருப்பார், பாய் அல்லது மணைப்பலகை எவ்வளவு உயரம், நடனமாடும் இடம் எங்கே தொடங்குகிறது. மற்றொன்றில் மைக் பட்டியல். நம் கலைஞர்கள் தரையில் அமர்ந்து வாசிப்பவர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் நின்று பாடுபவர்களுக்கான உயரமான ஸ்டாண்டுகள்தான் வண்டியில் ஏறும். குட்டை ஸ்டாண்டு வேண்டும்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக். வலப்பக்கத்து வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கத்துத் தொப்பிக்கு ஒன்று; இரண்டும் தோலிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். அதைவிட நெருக்கினால் அடித்தொனி செயற்கையாகப் பெருத்து, தொப்பியின் கும்கி ஒரு மேளத்தின் இடி போலாகிவிடும். ராக் இசைக்குப் பழகியவர் அதை விரும்பி ரசிக்கவும் கூடும்; நீங்கள் விடாதீர்கள். வலந்தலையின் நடுவில் உள்ள கரிய சாதத்திலிருந்து எழும் சுருதி நாதம்தான் மிருதங்கத்தின் உயிர், அது கேட்கிறதா என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வயலினுக்குக் கருவியிலேயே கவ்விக்கொள்ளும் சிறு மைக் நல்லது. புல்லாங்குழலுக்கு ஊதும் துளைக்கு நேரே வைத்தால் காற்றுதான் கேட்கும்; சற்று மேலே, விரல்களை நோக்கிச் சாய்த்து வையுங்கள். நட்டுவாங்கத் தாளத்துக்குத் தனி மைக் தேவையே இல்லை. உலோகத் தாளத்தின் ஓசை மற்ற எல்லா மைக்கிலும் தானாகவே புகுந்துவிடும், அதைத் தடுப்பதுதான் வேலை. சொற்கட்டு சொல்வதற்கு ஒரு மைக், வாய்க்கு நெருக்கமாக, தாளம் தட்டும் கைகளிலிருந்து விலகி இருந்தால் போதும்.

மைக் எண்ணிக்கை கூடுவது நல்லதென்று நினைக்காதீர்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரண்டு மடங்கானால், ஊளையிடாமல் கிடைக்கும் ஒலியளவு 3 டெசிபெல் (ஒலியளவின் அலகு) குறைகிறது. ஆறு மைக்கில் முடியும் கச்சேரிக்குப் பன்னிரண்டு வைத்தால் தொல்லையைத்தான் விலை கொடுத்து வாங்குகிறீர்கள்.

நடனமணிக்கு மானிட்டர், அதாவது மேடையில் இருப்பவருக்கே இசை கேட்பதற்கான ஸ்பீக்கர், வைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இசைக்குழு மேடையின் ஒரு பக்கம் அமர்கிறது; மறுமூலையில் ஆடும்போது அவளுக்குக் கேட்பது மண்டபத்திலிருந்து திரும்பி வரும் தாமதமான ஒலி. அந்தத் தாமதத்தில்தான் அடவு தாளத்தைவிட்டு நழுவுகிறது. பழி குழந்தையின் தலையில் விழும். பக்கத் திரைகளுக்குப் பின்னால், காதளவு உயரத்தில், உள்நோக்கித் திரும்பிய இரண்டு ஸ்பீக்கர்கள் வைத்து, அவற்றில் சொற்கட்டும் மிருதங்கமும் மட்டும் முதன்மையாக வரட்டும். வாய்ப்பாட்டுக்காரருக்கு அதற்கு நேர்மாறு: அவருக்குத் தம்புராவும் தம் குரலும் வேண்டும்.

சலங்கை ஒலிக்கு மேடையின் முன்விளிம்பில் தரையோடு படியும் தட்டை மைக் ஒன்று வைக்கலாம். உள்ளே வெற்றிடமுள்ள மரமேடையாக இருந்தால் ஒவ்வொரு தட்டடவும் குண்டு வெடித்தது போல் வரும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, சலங்கை இருப்பது தெரிகிற அளவுக்கு மட்டும் திறக்கச் சொல்லுங்கள்.

ஒலிச் சோதனையைக் கதவு திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலாவது தொடங்குங்கள். முதலில் மிருதங்கம் தனியாக, பிறகு பாட்டு, வயலின், குழல், நட்டுவாங்கம், அதன்பின் எல்லோரும் சேர்ந்து. சேர்ந்து வாசிக்கும்போது மெல்லிய பதத்தை எடுக்காமல், வர்ணத்தின் உச்சமான ஜதியை எடுக்கச் சொல்லுங்கள். உரத்த பகுதிக்கு நிலைகுலையாத அமைப்பு மெல்லிய பகுதியில் தானே அடங்கி நிற்கும். குளிர்சாதனத்தையும் அப்போதே ஓட விடுங்கள். கோடைக் காலப் புழுக்கத்தில் தளர்ந்திருக்கும் மிருதங்கத் தோல், குளிர்ந்த உலர்காற்று பட்டதும் இறுகி, கல்லும் குச்சியும் கொண்டு சேர்த்த சுருதி ஏறிவிடுகிறது. அந்த மாற்றம் சோதனையின்போது நடந்து முடியட்டும்.

இன்னொன்று, சிறியது. இந்தியாவிலும் இங்கும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் சுருதிப் பெட்டியின் சிறிய மூன்று முனைச் செருகி நம் தடித்த 16 ஆம்பியர் துளைகளில் நுழையாது. மாற்றுச் செருகிகள் சிலவற்றை வாங்கி வையுங்கள். சென்னையிலிருந்து வருகிறவருக்கு இது நினைவிருக்காது.

கேள்வி: எங்கள் கம்பியில்லா மைக்குகள் முன்பெல்லாம் நன்றாக வேலை செய்தன. இப்போது நிகழ்ச்சியின் நடுவில் குரல் அறுந்து அறுந்து வருகிறது. கருவி பழையதாகிவிட்டதா?
– இளைஞர் மன்ற உறுப்பினர், லெனேசியா

பதில்: கருவி பழுதாகாமல் இருக்கலாம், அது ஓடும் அலைவரிசை இப்போது வேறொருவர் வசம் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசா 2022 மார்ச்சில் நடத்திய ஏலத்தில் 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் கைபேசி நிறுவனங்களுக்குப் போயின. பழைய மைக்குகளில் பல அந்தப் பகுதியில் ஓடுபவை. கருவியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண் 694க்கு மேல் இருந்தால் அதை ஓய்வு பெறச் செய்யுங்கள். புதிதாக வாங்கும்போது 694க்குக் கீழே ஓடுவதாகவும், ஐகாசாவின் வகை ஒப்புதல் பெற்றதாகவும் கேட்டு வாங்குங்கள்.

எண் சரியாகவே இருந்தால், மைக் அனுப்பும் அலையை வாங்கும் ஏற்பிப் பெட்டி எங்கே இருக்கிறதென்று பாருங்கள். மண்டபத்தின் கடைசியில் மிக்சர் மேசைக்கு அடியில் வைத்திருப்பீர்கள். இடையில் நானூறு உடல்கள். மனித உடல் இந்த அலைகளை விழுங்கும். பெட்டியை மேடையோரம் கொண்டுபோய், ஆன்டெனாவைத் தலைகளுக்கு மேலே உயர்த்தி, அங்கிருந்து மிக்சருக்குக் கேபிள் இழுங்கள். நான்கு மைக் ஓடும்போது அலைவரிசைகளைச் சம இடைவெளியில் அடுக்காதீர்கள். அவை ஒன்றோடொன்று கலந்து, இன்னொன்றின் இடத்திலேயே போலி அலையை உண்டாக்கும். கருவியிலேயே உள்ள தேடல் வசதியை நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், எல்லா விளக்குகளும் திரைகளும் ஓடும்போது பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஸ்பீக்கரில் ஓயாத ரீங்காரம். மின்பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர், ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பின் செருகியில் எர்த் முனையைக் கழற்றினார், ரீங்காரம் நின்றுவிட்டது. இது சரிதானா?
– பஜனைக் குழுப் பொறுப்பாளர், டோங்காட்

பதில்: சரியில்லை. இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு முதலில் அந்த முனையை மாட்டுங்கள். எர்த் இல்லாத ஆம்ப்பில் உள்ளே ஒரு கம்பி தளர்ந்து பெட்டியைத் தொட்டால், 230 வோல்ட் கேபிளின் உறை வழியாக மைக்கின் உலோகத் தலைக்கு வரும். பாடுபவரின் உதடு அங்கேதான் படுகிறது. இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

ரீங்காரத்துக்குக் காரணம் பெரும்பாலும் எர்த் ஒன்றுக்கு இரண்டாக இருப்பது. மிக்சர் மண்டபத்தின் கடைசியில் ஒரு துளையிலிருந்தும், ஆம்ப் மேடையில் வேறொரு துளையிலிருந்தும் மின்சாரம் எடுக்கின்றன. இரண்டின் எர்த்தும் கட்டடத்தின் வழியாக ஒரு வளையமாகி, ஆடியோ கேபிளின் உறையிலும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் புகுந்துவிடுகிறது. மிக்சர், ஆம்ப், கணினி ஆகிய ஒலிக் கருவிகள் அனைத்துக்கும் மேடையின் ஒரே துளையிலிருந்து தடித்த கம்பியில் மின்சாரம் கொண்டுபோங்கள். மடிக்கணினியிலிருந்து வரும் ரீங்காரத்துக்கு, அதற்கும் மிக்சருக்கும் நடுவில், மின்மாற்றி உள்ள டிஐ என்ற சிறு இணைப்புப் பெட்டி ஒன்றைப் போட்டு, அதில் உள்ள எர்த் துண்டிப்புப் பொத்தானை அழுத்தலாம். அது ஒலிக் கேபிளின் இணைப்பைத்தான் துண்டிக்கிறது, மின்சார எர்த்தைத் தொடுவதில்லை. விளக்குகளுக்கு வேறு சுற்று.

ஒரு துளையின் கொள்ளளவையும் மனதில் வையுங்கள்: 230 வோல்ட்டை 16 ஆம்பியரால் பெருக்கினால் 3,680 வாட். தேநீர் கொதிக்க வைக்கும் பெரிய பாத்திரம் ஒன்றே அதில் பெரும்பகுதியை விழுங்கும். சமையலறையில் இருக்கும் அக்காமார்களிடம், நிகழ்ச்சி முடியும்வரை மேடைப் பக்கத்துத் துளைகளைத் தொடக் கூடாது என்று முன்பே பணிவாகச் சொல்லி வையுங்கள். மின்வெட்டு முன்போல் அடிக்கடி வராவிட்டாலும் டிஜிட்டல் மிக்சருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் கட்டாயம் வேண்டும்; நொடிப்பொழுது மின்சாரம் போனாலும் அது மறுபடி விழித்தெழ நேரம் எடுக்கும், அதுவரை மேடை ஊமை. மின்சாரம் நின்ற உடனே ஆம்ப்புகளை அணைத்துவிடுங்கள். திரும்பி வந்தபின் மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில்.

கேள்வி: சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நம் முன்னோரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை வந்தடைந்த நாளை நினைவுகூரும் நிகழ்ச்சியைத் திறந்த மைதானத்தில் நடத்துகிறோம். உரைகளும் கிராமியப் பாடல்களும் உண்டு. அக்கம்பக்கத்தில் வீடுகள். எப்படித் திட்டமிடுவது?
– விழாக் குழுவினர், மியர்பேங்க்

பதில்: திறந்தவெளியில் எதிரொலித் தொல்லை இல்லை, தூரம்தான் பகை. ஒரு ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபெல் குறையும். 1 மீட்டரில் 100 டெசிபெல் என்றால் 4 மீட்டரில் 88, 32 மீட்டரில் 70. முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்ளும்போது பின்வரிசைக்காரர் பக்கத்திலிருப்பவரிடம் பேச்சாளர் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஸ்பீக்கரை உயரத்தில் ஏற்றிக் கீழே சாய்த்தால் இந்த இடைவெளி குறையும், ஏனென்றால் முன்வரிசையும் அதிலிருந்து விலகிவிடுகிறது. 30 மீட்டருக்கு அப்பாலும் மக்கள் இருப்பார்கள் என்றால் அங்கே இன்னொரு சோடி ஸ்பீக்கர்கள். 30 மீட்டர் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 87 மில்லிநொடி ஆகும். அதோடு 10 முதல் 15 சேர்த்துத் தாமதம் கொடுங்கள்.

டர்பன் கடற்கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசுகிறது. எதிர்க்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்து கூட்டத்தின் தலைக்கு மேலே போய்விடும். மைதானத்தின் வடிவம் இடம் கொடுத்தால் காற்று மேடையிலிருந்து மக்களை நோக்கி வீசும்படி மேடையை அமையுங்கள். அதே நேரத்தில் ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே வீடுகள் இல்லாதபடியும் பாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் நான் வீடுகளின் பக்கமே நிற்பேன். காற்று மாறும், அண்டை வீட்டார் மாற மாட்டார்கள். வெயில் காய்ந்த நிலம் பகலில் ஒலியை மேலே தூக்கி எறிகிறது. மாலையில் நிலம் குளிர்ந்தபின் ஒலி கீழே வளைந்து நெடுந்தூரம் தவழ்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்குச் சரிபார்த்த அளவு இரவு எட்டு மணிக்கு எங்கோ ஒரு தெருவில் குழந்தையை எழுப்புவது இதனால்தான். மாலையில் ஒலியளவைக் குறையுங்கள். அடித்தொனிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர்கள் வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதை எந்தப் பக்கமும் திருப்பி நிறுத்த முடியாது, மேடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுச் சன்னலையும் அது ஆட்டும். உரைக்கும் கிராமியப் பாட்டுக்கும் அது இல்லாமல் குறையொன்றும் வராது.

நவம்பரில் இடிமழை திடீரென்று வரும். மின்கேபிள்களின் இணைப்புகள் தரையில் கிடக்காமல் செங்கல் உயரத்திலாவது இருக்கட்டும். 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு இல்லாமல் எதையும் செருகாதீர்கள். தற்காலிக இணைப்புகளைப் பதிவு பெற்ற மின்பணியாளர் சரிபார்க்கட்டும். 2,000 பேருக்கு மேல் கூடும் என்று எதிர்பார்த்தால் 2010ஆம் ஆண்டின் விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்வுகள் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் உங்களையும் கட்டும். நகராட்சியிடம் சில மாதங்கள் முன்னதாகவே போங்கள்.

கேள்வி: காவடி ஊர்வலத்தில் ஸ்பீக்கர் கட்டிய வண்டிக்குப் பக்கத்தில் என் பேரக்குழந்தைகளும் நடக்கிறார்கள். அன்றிரவு காதில் ரீங்காரம் என்கிறான் மூத்தவன். பயப்பட வேண்டுமா?
– ஒரு பாட்டி, ஃபீனிக்ஸ்

பதில்: அம்மா, அந்த ரீங்காரம் காது விடுக்கும் எச்சரிக்கை. ஓரிரு நாளில் அடங்கிவிடலாம். ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப நேர்ந்தால் போனது திரும்பாது. நம் நாட்டில் தொழிற்சாலைகளுக்கு 2003இல் வந்த விதிகள் 85 டெசிபெல்லை எல்லையாக வைத்தன, அதுவும் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு. 3 டெசிபெல் கூடும்தோறும் தாங்கும் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 94இல் 1 மணி, 100இல் 15 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறையும் இசை நிகழ்ச்சிகளுக்கு 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபெல்லைத்தான் உச்சமாகச் சொல்கிறது. ஊர்வலமோ மணிக்கணக்கில் நடக்கிறது. மேளமும் உடுக்கையும் மணியும் வேறு.

குழந்தைகளை வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நன்றாக விலகி நடக்கச் சொல்லுங்கள். 2 மீட்டரிலிருந்து 16 மீட்டருக்கு விலகினாலே 18 டெசிபெல் குறைகிறது. சிறு குழந்தைகளுக்குக் காதை மூடும் கவசம் வாங்குங்கள், பஞ்சு வைப்பது போதாது. நிர்வாகத்தினருக்கும் ஒரு வார்த்தை: ஸ்பீக்கரைக் குழந்தையின் காதளவு உயரத்தில் வண்டியின் பக்கவாட்டில் கட்டாதீர்கள். மேலே ஏற்றினால் அதே ஒலியளவில் ஊர்வலத்தின் கடைசி ஆளுக்கும் பாட்டு கேட்கும், பக்கத்தில் நடப்பவரின் காதும் தப்பும். பக்தியை டெசிபெல்லால் அளக்கும் பழக்கம் நம்மிடம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் இன்னும் தெருக்கூத்து நடக்கிறது. நடிகர்களுக்குக் கன்னத்தில் ஒட்டும் சிறு மைக் வைக்கலாமா?
– கூத்துக் கலைஞரின் மகன், வெருலம்

பதில்: வேண்டாம் என்பதே என் எண்ணம். முகப்பூச்சு, வியர்வை, கிரீடம், தோள்கட்டை மூன்று மணி நேரத்தில் எந்தக் கன்ன மைக்கையும் கொன்றுவிடும். விடியும்வரை ஆடுபவருக்குச் சொல்லவே வேண்டாம். ஆடுகளத்தின் முன்விளிம்பில் தாழ்வாக மூன்று மைக், பின்பாட்டுக்காரர்கள் அமரும் பலகைக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று. கூத்துக்காரரின் குரல் திறந்தவெளிக்கென்றே பழகியது. மைக் அதற்குக் கைகொடுத்தால் போதும், அதன் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை.

கேள்வி: சங்கத்துக்கு ஒரே ஒரு நல்ல மைக் வாங்கப் பணம் இருக்கிறது. எதை வாங்கலாம்? சிறப்பு விருந்தினர் கையில் எடுத்தாலே ஊளையிடுகிறதே, அதற்கும் வழி சொல்லுங்கள்.
– மகளிர் சங்கப் பொருளாளர், ஐசிபிங்கோ

பதில்: 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம் 58ஐ வாங்குங்கள்; அதைவிட நுட்பமானவை உண்டு, அதைப் போல் கீழே விழுந்தும் பேசுபவை குறைவு. போலிகள் நிறைய உலவுவதால் சந்தைக் கடையில் மலிவாகக் கிடைப்பதைத் தொடாதீர்கள். அதன் முதுகுப்பக்கம்தான் காது கேளாத பக்கம். ஆகவே மானிட்டரைப் பேசுபவருக்கு எதிரே, மைக்கின் வால் நோக்கும் திசையில் வையுங்கள். விருந்தினர்கள் மைக்கின் வலைத்தலையைக் கைக்குள் பொத்திப் பிடிக்கிறார்கள். அப்போது பின்புறத் துவாரங்கள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கத் தொடங்கி, மானிட்டரின் ஒலியையும் அள்ளிக்கொள்கிறது. ஊளைக்கு அதுவே காரணம். தண்டைப் பிடிக்கும்படி அமைச்சரிடமும் மாமாவிடமும் மேடையில் யார் சொல்வது என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, திருகை இறுக்கி, கழற்ற முடியாதபடி செய்துவிடுங்கள்.